வராத புகையை நிறுப்பது எப்படி?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆரல்வாய்மொழி தாண்டியதும் தாமாகவே ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவார்கள். மலை விலகி வழிவிட்ட இடம் அது. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அந்தக் கணவாய்க்குள் புகுந்து வருகிற வேகத்தில் சேலைத் தலைப்பும் டீக்கடைப் பந்தலும் சொன்ன இடத்தில் நிற்காது. முப்பந்தல் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை காற்றாலைகள்.

இவை என்ன விற்கின்றன என்று கேட்டால் மின்சாரம் என்போம். சரிதான். ஆனால் 2005ஐ ஒட்டிய ஆண்டுகள் தொடங்கி 2012 வரை, தமிழ்நாட்டுக் காற்றாலைகளில் பல இன்னொரு சரக்கையும் விற்றன. அதற்குக் கிராக்கி இருந்தது பெரும்பாலும் ஐரோப்பாவில். அந்தச் சரக்கு கம்பியில் போகவில்லை, கப்பலிலும் ஏறவில்லை. கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் டன் கணக்கில் விலை பேசினார்கள். தமிழ்நாடு ஸ்பின்னிங் மில்ஸ் அசோசியேஷன், உறுப்பினர்களான நூற்பாலைகளின் காற்றாலைகளை ஒரே கட்டாகச் சேர்த்து ஐ.நா. பதிவேட்டில் ஏற்றியது. தனியாக ஒரு மில்லுக்கு இந்த வணிகத்தின் காகிதச் செலவு கட்டுப்படியாகாது.

அங்கே விற்பனைக்கு வந்தது, வெளியே வராத புகை.

புகை என்று பேச்சுக்குச் சொல்கிறேன். கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியாது. அதில் ஒரு டன் என்றால் எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோ. அது எரிந்து வெளிவிடும் கரியமில வாயுவோ சுமார் 2.3 கிலோ. முக்கால் கிலோ உள்ளே போய் அதைப்போல் மூன்று மடங்கு வெளியே வருவதில் மாயம் ஏதுமில்லை. பெட்ரோலில் இருக்கும் கார்பன் அணு ஒவ்வொன்றும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறது. எடையில் பெரும்பங்கு அந்த ஆக்சிஜனுடையது. வாரம் இரண்டு லிட்டர் போட்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர் ஒரு டன்னை எட்ட நாலு வருஷத்துக்கு மேலாகும். அந்த ஒரு டன்னை அடைக்க 27 அடி நீளம், 27 அடி அகலம், 27 அடி உயரத்தில் ஓர் அறை கட்ட வேண்டும்.

சரி, முப்பந்தலில் வராத ஒரு டன் ஜெர்மனியில் இருக்கும் ஆலைக்கு எதற்கு?

ஊருக்கு ஒரே கண்மாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வாய்க்கால் வழியாக நீர் வந்தாலும் கரையில் நட்ட அளவுகல் காட்டும் மட்டம் ஒன்றுதான். காற்று மண்டலமும் அப்படித்தான். எங்கோ ஒரு புகைபோக்கியில் வெளிவந்த கரியமில வாயு, ஓராண்டு வாக்கில் உலகம் முழுக்கக் கலந்துவிடுகிறது. சார்லஸ் டேவிட் கீலிங் 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் அது சுமார் 315 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. தொழிற்சாலை ஒன்றுகூட இல்லாத தென் துருவத்தில் அளந்தாலும் ஏறக்குறைய அதே ஏற்றம். ஆகவே, பூமி சூடாவதைப் பொறுத்தவரை எங்கே குறைத்தாலும் குறைத்ததுதான். ஜெர்மானிய ஆலை தன் உலையை மாற்றி ஒரு டன்னைக் குறைக்க நிறையச் செலவாகும். இந்தியாவில் அதே ஒரு டன்னைக் கொஞ்சப் பணத்தில் குறைக்கலாம். அப்படியானால் ஆலைக்காரர் இங்கே பணம் கொடுத்துக் குறைக்கச் சொல்லிவிட்டு, அந்த டன்னைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும். இதைத்தான் கார்பன் ஆஃப்செட் என்கிறார்கள். தமிழில் கரிம ஈடு என்று சொல்லலாம். ஒரு டன் ஈட்டுக்கான சான்றிதழ்தான் கார்பன் கிரெடிட்.

இந்த யோசனை முதலில் நடைமுறைக்கு வந்தது 1988இல். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நிலக்கரி மின்நிலையம் கட்டிய ஏ.இ.எஸ். என்ற நிறுவனம், அதன் புகைக்கு ஈடாகக் குவாத்தமாலா விவசாயிகள் மரம் நடப் பணம் கொடுத்தது. பிறகு 1997இல் கியோட்டோ உடன்படிக்கை. பணக்கார நாடுகள் தங்கள் வெளியேற்றத்துக்கு உச்சவரம்பு வைக்க ஒப்புக்கொண்டன. வரம்பை மீறும் பகுதிக்கு ஏழை நாடுகளில் ஈடு வாங்கலாம் என்ற வாசலையும் திறந்து வைத்தன. அந்த வாசலின் பெயர் தூய்மை வளர்ச்சி முறைமை. தொழில்வட்டாரத்தில் சுருக்கமாக சி.டி.எம். உடன்படிக்கை 2005இல் நடைமுறைக்கு வந்தபின் அதில் அதிகத் திட்டங்களைப் பதிந்த நாடு சீனா. அடுத்தது இந்தியா.

காற்றாலையின் கணக்கு இப்படிப் போகும். 250 கிலோவாட் திறனுள்ள ஒரு பழைய காற்றாலை, ஆண்டுக்கு 5 லட்சம் யூனிட் தருகிறது என்போம். அது இல்லாவிட்டால் அந்த 5 லட்சம் யூனிட்டும் நம் மின்கட்டமைப்பிலிருந்து, பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து, வந்திருக்கும். கட்டமைப்பு மின்சாரத்தில் யூனிட்டுக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்பதை மத்திய மின்சார ஆணையம் கணக்கிட்டு வெளியிடுகிறது. 900 கிராம் என்று வைத்தால் வருஷத்துக்கு 450 டன், 450 கிரெடிட். பெருக்கல் சரி. மீட்டரும் சரி. ‘அது இல்லாவிட்டால்’ என்று ஒரு சொல்லைப் போகிறபோக்கில் போட்டேன் பாருங்கள், சிக்கல் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு வீட்டில் அண்ணன், தம்பி. அண்ணன் காலையில் ஆறு இட்லி சாப்பிடுகிறவர். இனி நாலுதான் என்று சபதம் போட்டுவிட்டார். ஆனால் மனசு வரவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, “நீ ரெண்டு இட்லி குறைச்சுக்கோ, இருபது ரூபாய் தர்றேன். குறைச்சதை என் கணக்குல எழுதிக்கிறேன்” என்கிறார். தம்பி எப்போதும் சாப்பிடுவது ஐந்து. அவன் சொல்கிறான்: “இன்னிக்கு ஏழு சாப்பிடலாம்னு இருந்தேன் அண்ணே. சரி, உங்களுக்காக அஞ்சோட நிறுத்திக்கிறேன்.” காசு கைமாறுகிறது. நோட்டில் வீட்டுக்கு இரண்டு இட்லி மிச்சம் என்று ஏறிவிடுகிறது. அம்மா மூடியைத் திறந்து பார்த்தால் மாவு நேற்றுக் குறைந்த அதே அளவு குறைந்திருக்கிறது. மாவுப் பானை கணக்கு நோட்டைப் படிப்பதில்லை.

தம்பி சொன்ன ‘ஏழு’தான் இந்தத் துறையின் அடிநிலை: ஒன்றும் செய்யாதிருந்தால் என்ன நடந்திருக்கும் என்ற ஊகம். அடிநிலைக்கும் உண்மையில் நடந்ததற்கும் உள்ள வித்தியாசமே விற்பனைச் சரக்கு. அந்த வித்தியாசம் பணம் வந்ததால்தான் ஏற்பட்டதா, பணம் வராமலே ஏற்பட்டிருக்குமா என்ற கேள்விக்குக் கூடுதல்தன்மை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஈட்டுக்குக் கூடுதல்தன்மை இல்லையென்றால் காற்றுக்கு நஷ்டம். தம்பி உண்மையாகவே இரண்டு இட்லி குறைத்திருந்தாலும் அண்ணன் இரண்டு அதிகம் சாப்பிடுவார். ஆகக்கூடி வரவும் செலவும் சமம். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஈடு சமம்தான் செய்யும், குறைக்காது. தம்பி பொய் சொன்னாலோ, சபதத்தால் குறைந்திருக்க வேண்டிய இரண்டு இட்லி குறையாமலே போகிறது.

நம் நூற்பாலைகள் ஏன் காற்றாலை வைத்தன? மில்லுக்குப் பஞ்சு விலைக்கு அடுத்த பெரிய தலைவலி கரண்ட் பில். சொந்தக் காற்றாலை இருந்தால் அந்த யூனிட்டை மின்வாரியக் கம்பி வழியாகவே மில்லுக்குக் கொண்டுவரலாம். ஆடிக் காற்றில் மிஞ்சும் யூனிட்டை வாரியத்திடம் ‘பேங்கிங்’ செய்து காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட, காற்றாலை விலையில் 80 விழுக்காடு வரை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைக்க முடிந்தது. தமிழ்நாட்டில் காற்றாலைச் சோதனைகள் 1980களிலேயே, தூத்துக்குடி அருகே முல்லைக்காட்டில், ஆரம்பித்துவிட்டன. 1990களின் நடுவில், கியோட்டோ உடன்படிக்கை எழுதப்படுவதற்கு முன்பே, முப்பந்தலில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நின்றன. ஆனால் சி.டி.எம். பதிவுக்கோ, ‘கிரெடிட் வருமானம் இல்லாவிட்டால் இந்தத் திட்டம் கட்டுப்படியாகாது’ என்று எழுதிக் காட்ட வேண்டும். எழுதிக் கொடுத்தவர்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. படிவம் அதைத்தான் கேட்டது. அது உண்மையா என்று பின்னால் எப்படிக் கண்டுபிடிப்பது? நடக்காத ஓர் உலகத்தைப் போய்ப் பார்த்துவர வழியுண்டா?

ஒரு வழியை ராஃபேல் கலெல் உள்ளிட்ட நான்கு பொருளியல் அறிஞர்கள் கண்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இந்தியாவின் 1,350 காற்றாலைப் பண்ணைகள். அவற்றில் சில சி.டி.எம். பணம் பெற்றவை, மற்றவை பெறாதவை. இரண்டையும் சும்மா ஒப்பிட்டால் பயனில்லை. டியூஷன் சென்டர்காரர் தன் மாணவர்கள் எல்லோரும் பாஸ் என்று பலகை வைத்தால், அது டியூஷனாலா, பிள்ளைகளின் சொந்தத் திறமையாலா என்று தெரியாது. ஆனால் அதே வகுப்பில் டியூஷனே போகாத, முன் தேர்வுகளில் இவர்களைவிடக் குறைவாக மார்க் வாங்கிய பையன் ஒருவன் பாஸாகியிருக்கிறான் என்று காட்டிவிட்டால்? அவனைவிட நன்றாகப் படித்த டியூஷன் மாணவன் டியூஷன் இல்லாமலும் பாஸாகியிருப்பான் என்று சொல்ல வேறு சான்று வேண்டாம். அறிஞர்கள் செய்தது இதுதான். பணம் பெற்ற ஒவ்வொரு பண்ணைக்கும் பக்கத்தில், காற்று குறைவான இடத்தில், சிறிய அளவில், எல்லா வகையிலும் லாபம் குறைவாக இருக்கக்கூடிய பண்ணை ஒன்று உதவியில்லாமலே எழுந்திருக்கிறதா என்று தேடினார்கள். நிறைய இருந்தன. இந்தியக் காற்றாலைகளுக்கு அனுமதிக்கப்பட்ட ஈடுகளில் குறைந்தது 52 விழுக்காடு, எப்படியும் கட்டப்பட்டிருக்கும் திட்டங்களுக்கே போயிற்று என்பது அவர்கள் முடிவு. குறைந்தது என்பதைக் கவனியுங்கள். தெள்ளத் தெளிவாகத் தெரிந்தவற்றை மட்டுமே அவர்கள் எண்ணினார்கள்.

காற்றாலையாவது பழுதில்லாத பொருள். பணம் வீணானாலும் மின்சாரம் மிச்சம். ஹெச்.எஃப்.சி-23 கதை வேறு. குளிர்பதன வாயு ஒன்றைத் தயாரிக்கும்போது கழிவாக வெளிவரும் வாயு இது. சி.டி.எம். கணக்கில் இதன் ஒரு டன் 11,700 டன் கரியமில வாயுவுக்குச் சமம். கழிவை எரித்து அழிக்க ஆகும் செலவு சொற்பம். ஒரு டன்னை அழித்தால் 11,700 கிரெடிட். சீனாவிலும் இந்தியாவிலும் ஆலைகள் ஓடிப்போய்ப் பதிந்தன. 2007இல் மைக்கேல் வாரா ‘நேச்சர்’ இதழில் கணக்குப் போட்டுக் காட்டினார்: இந்த வாயு முழுவதையும் அழிக்கச் சுமார் 10 கோடி யூரோ போதும், அதற்கு ஈட்டுச் சந்தை கொடுக்கவிருந்ததோ 470 கோடி யூரோ. ஆலைகளுக்குச் சரக்கை விற்பதைவிடக் கழிவை எரிப்பதில் லாபம் அதிகம். அரிசியைவிட உமிக்கு விலை கூடினால் அரவை மில் எதற்காக ஓடும்? எரிப்பதற்காகவே கழிவு உண்டாக்கப்படுகிறது என்ற சந்தேகம் வலுத்தது. ரஷ்யாவில் நடந்த இதே வகைத் திட்டங்களை ஆராய்ந்து 2015இல் வெளியான கட்டுரை, கிரெடிட் கிடைக்கத் தொடங்கியதும் கழிவு வாயுவின் உற்பத்தி முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஏறியதைத் தரவுகளோடு காட்டியது. ஐரோப்பிய ஒன்றியம் 2013இலிருந்து இந்தக் கிரெடிட்டுகளை ஏற்க மறுத்துவிட்டது. 2016 அக்டோபரில் இந்திய அரசு, ஆலைகள் சொந்தச் செலவில் இந்த வாயுவை அழிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. கோடிக்கணக்கில் கொட்டிச் செய்ய நினைத்த வேலையை ஒரு அரசாணை செய்தது.

மரங்களுக்கு வருவோம். ஈடு என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது காடுதான். வெட்டப்பட இருந்த காட்டைக் காப்பாற்றினோம் என்று சொல்லி விற்கும் கிரெடிட்டுகள் கோடிக்கணக்கில் புழங்குகின்றன. வெட்டப்பட இருந்ததா என்பதே மறுபடியும் கேள்வி. இதைச் சோதித்த விதம் அழகானது. ஒரு ஓட்டல் சாம்பாரின் ருசி பிடித்துப்போய், நாலைந்து கடைப் பொடிகளை இன்ன விகிதம் என்று கலந்து கலந்து அதே ருசியை வீட்டில் கொண்டுவந்துவிடுகிறீர்கள். அதுபோல, ஒரு திட்டக் காட்டில் திட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளில் மரம் எந்த வேகத்தில் குறைந்ததோ அதே வேகம் வரும்படி, திட்டத்தில் இல்லாத பல காடுகளின் செயற்கைக்கோள் தரவுகளை விகிதம் போட்டுக் கலக்கிறார்கள். இந்தக் கலவைக் காடுதான் ‘திட்டம் வராத உலகம்’. பிறகு இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கிறார்கள். பெரு, கொலம்பியா, காங்கோ, தான்சானியா, ஜாம்பியா, கம்போடியா ஆகிய ஆறு நாடுகளின் 26 திட்டங்களை இப்படி ஆராய்ந்த கட்டுரை 2023இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. இவற்றில் போதிய விவரம் கிடைத்த 18 திட்டங்களிலிருந்து 2020க்குள் எதிர்பார்த்த 8.9 கோடி ஈடுகளில் உண்மையான குறைப்பு 54 லட்சத்துக்குத்தான், அதாவது ஆறு விழுக்காடு. இவ்வகைச் சான்றிதழ்களை அதிகம் வழங்கும் வெர்ரா என்ற அமைப்பு, ஆய்வுமுறை சரியில்லை என்று மறுத்தது. அதே ஆண்டு தன் பழைய கணக்குமுறையை மாற்றவும் செய்தது.

காட்டுக்கு இன்னும் இரண்டு சங்கடங்கள். இந்தக் காட்டில் கோடாலியைத் தடுத்தால் அது அடுத்த காட்டுக்குப் போகும். கசிவு என்று பெயர். இரண்டாவது, காலம். நிலக்கரியில் இருக்கும் கார்பன் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தது. எரித்தபின் அதில் ஒரு பகுதி ஆயிரம் ஆண்டுக்கு மேலும் காற்றில் தங்கும். அதை, எப்போது வேண்டுமானாலும் எரியக்கூடிய மரத்தைக் காட்டி ஈடுகட்டுவது, நிரந்தர வைப்பை உடைத்துச் செலவழித்துவிட்டுக் கைமாற்றில் சமாளிப்பது போன்றது. கலிபோர்னியாவின் ஈட்டுத் திட்டம் இதை உணர்ந்துதான் விதைநெல் போல ஒரு பங்கு கிரெடிட்டை விற்காமல் ஒதுக்கி வைத்தது. காட்டுத்தீக்கென நூறு ஆண்டுக்கு ஒதுக்கியதில் 95 விழுக்காட்டுக்குக் குறையாத அளவை, பத்தாண்டுக்குள் வந்த தீயே தின்று தீர்த்துவிட்டது.

விறகடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. புகை குறைந்த அடுப்பு கொடுத்து, மிச்சமாகும் விறகைக் கிரெடிட்டாக விற்கிறார்கள். பெண்களின் நுரையீரலுக்கு நல்ல காரியம். ஆனால் கேஸ் வந்த வீட்டிலும் கொல்லையில் வெந்நீருக்கு விறகு எரிந்துகொண்டுதான் இருக்கிறது என்பது நம் ஊரில் யாருக்கும் தெரியும். கணக்கெழுதியவர்களுக்குத் தெரியவில்லை. 2024இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்த மாதிரியில் கிரெடிட்டுகள் உண்மையைப்போல் 9.2 மடங்கு வழங்கப்பட்டிருந்தன.

ஆராய்ச்சி முடிவுகளை ஒன்றாக அடுக்கும்போது எனக்கு உறுத்துவது, பிழைகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்வதுதான். அறியாமல் வரும் பிழை என்றால் சிலது கூடவும் சிலது குறையவும் இருக்க வேண்டும். 2024இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 2,346 திட்டங்களைச் சேர்த்துப் பார்த்து, அவற்றின் கிரெடிட்டுகளில் உண்மையான குறைப்பு 16 விழுக்காட்டுக்கும் கீழே என்றது. காய்கறிக் கடையில் ஒரு கிலோ தக்காளிக்கு முள்ளை உற்றுப் பார்ப்பவர் வாங்குகிறவர். எடை குறைந்தால் நஷ்டம் அவருக்கு. ஈட்டுச் சந்தையில் வாங்குகிறவருக்கு வேண்டியது சான்றிதழ்தான். அதற்குப் பின்னால் டன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் கணக்கு நேராகிவிடும். விற்பவருக்கு எடை கூடினால் லாபம். சரிபார்க்கும் தணிக்கையாளருக்குச் சம்பளம் தருவதோ விற்பவர். தராசைச் சுற்றி நிற்கும் மூவரில் முள் நேராக நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர் ஒருவரும் இல்லை. இதை மோசடி என்று சுருக்கமாகச் சொல்லிவிட மாட்டேன். நேர்மையான ஆட்களை வைத்து நடத்தினாலும் இந்தச் சந்தை மெல்ல மெல்ல ஒரு பக்கம் இழுக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஊகம் தேவைப்படாத ஈடும் இருக்கிறது. ஐஸ்லாந்தில் காற்றிலிருந்தே கரியமில வாயுவை உறிஞ்சி, நீரில் கரைத்து, எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். அங்கே நடந்த ஒரு சோதனையில் செலுத்தியதில் 95 விழுக்காடு இரண்டு ஆண்டுக்குள் கல்லாகிவிட்டது. எவ்வளவு உள்ளே போனது என்பதை மீட்டரே சொல்லும். ஆனால் 2021இல் அங்கே திறந்த ஓர்கா ஆலையின் திறன் ஆண்டுக்கு 4,000 டன்தான். டன்னுக்கு ஆகும் செலவோ நூற்றுக்கணக்கான டாலர். உண்மையான டன்னின் விலை அந்த அளவில் இருக்கும்போது, மலிவு விலையில் கிடைக்கும் டன்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்குவது நல்லது.

மறுபடி ஆரல்வாய்மொழி. 2008இன் நடுவில் 20 யூரோவைத் தாண்டியிருந்த சி.டி.எம். கிரெடிட், சந்தையில் சரக்கு குவிந்து, ஐரோப்பா கதவைச் சாத்தத் தொடங்கியதும் 2012 முடிவதற்குள் ஒரு யூரோவுக்குக் கீழே விழுந்தது. அதே 2012 ஏப்ரலில் இந்திய அரசு காற்றாலைக்கான விரைவுத் தேய்மானச் சலுகையையும் நிறுத்தியது. புதிதாக நிறுவும் காற்றாலைகள் அந்த ஆண்டு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. இரண்டில் எதனால் குறைந்தது என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. 2014இல் தேய்மானச் சலுகை திரும்பி வந்தது. கிரெடிட்டின் விலை எழவே இல்லை. 2016-17இல் இந்தியாவில் 5,500 மெகாவாட் புதிய காற்றாலைகள் எழுந்தன. அதற்கு முன் எந்த ஆண்டும் அத்தனை எழுந்ததில்லை. அந்த ஆண்டு கிரெடிட்டின் விலை டன்னுக்கு அரை யூரோகூட இல்லை.